முட்டுக்காட்டுக்கு ஒரு சாஃப்ட் லூர்: கிராம் கணக்கில் கலவை

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு மாதிரி கழிமுகத்தில், கொடுவா மீனுக்கு லூர் (தூண்டிலில் கோர்க்கும் செயற்கை இரை) போடுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். புது பாக்கெட்டைப் பிரித்து, வால் ஆடும் சாஃப்ட் லூரைக் கோர்த்து வீசினால், கொடுவா வருவதற்கு முன்னால் பேத்தை மீன் வந்துவிடும். அரைவட்டமாக ஒரே கடி, வால் காலி. வால் போன லூர் வெறும் ரப்பர் துண்டுதான். இறக்குமதி லூர் விற்கிற விலைக்கு ஒரு காலைப் பொழுதில் ஒரு பாக்கெட்டைப் பேத்தைக்குத் தீனியாகப் போட்டுக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. நான் சொந்தமாக லூர் ஊற்ற ஆரம்பித்தது இந்தச் செலவைக் குறைக்கத்தான். இப்போது என்னை இதில் பிடித்து வைத்திருப்பது செலவுக் கணக்கு இல்லை, கலவை. அச்சு அதே, நிறம் அதே. ரெசின் என்கிற பிளாஸ்டிக் தூளுக்கு எவ்வளவு எண்ணெய் என்பது மட்டும் கொஞ்சம் மாறினால் தண்ணீரில் அது வேறு மீனாகிவிடுகிறது.

அதனால் அச்சு பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. அளப்பது, கலப்பது, காய்ச்சுவது, இவ்வளவுதான்.

முதலில் சரக்கு. சாஃப்ட் லூருக்கு மூலப்பொருள் பிளாஸ்டிசால். மிக நுண்ணிய பிவிசி தூள், மென்மையாக்கும் எண்ணெயில் கரையாமல் மிதந்துகொண்டிருக்கும் வெள்ளைத் திரவம் அது. சூடு ஏற ஏற ஒவ்வொரு தூளும் எண்ணெயைக் குடித்து உப்பி, பக்கத்துத் தூளோடு ஒட்டி, கடைசியில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். ஆறினால் ரப்பர் மாதிரி நிற்கும். பிவிசியை இப்படி மென்மையாக்கலாம் என்று 1926இல் கண்டுபிடித்தவர் வால்டோ சீமன். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம் ஆக்ரன் நகரத்தில் இருந்த பி.எஃப்.குட்ரிச் டயர் கம்பெனியின் ஆராய்ச்சியாளர். அதே ஆக்ரனில்தான் 1949இல் நிக் கிரீம் என்பவர், மனைவி காஸ்மாவோடு சேர்ந்து வீட்டிலேயே பிளாஸ்டிக்கை உருக்கி மண்புழு வடிவத்தில் லூர் ஊற்றினார். டயர் ஊரில் பிறந்த சரக்கு, டயர் ஊரிலேயே தூண்டிலுக்கும் வந்து சேர்ந்தது. இன்று உலகம் முழுக்க விற்கும் சாஃப்ட் லூர்களில் பெரும்பகுதி அந்த வழியில் வந்தவைதான்.

வெளிநாடுகளில் லூருக்கென்றே தயாராகக் கலந்த பிளாஸ்டிசால் கேனில் கிடைக்கிறது. இங்கே அதை வரவழைத்தால் கூரியர் செலவே சரக்கின் விலையைத் தாண்டும். ஆனால் பிளாஸ்டிசாலுக்கு வேண்டிய பேஸ்ட் ரெசின் நம் மேட்டூரிலேயே தயாராகிறது; சன்மார் குழுமத்தின் ஆலை. ரெக்சின் துணி, செயற்கைத் தோல், கையுறை என்று பலதுக்கும் போகிற சரக்கு அது. ஆகவே தனித்தனியாக வாங்கி நாமே கலந்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

சென்னையில் பாரிமுனைப் பக்கம் ரசாயனக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். 25 கிலோ மூட்டையைப் பிரித்து ஓரிரு கிலோ கொடுக்க எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள். ஒரு கடைக்காரர், “என்ன சார், பொம்மை பண்றீங்களா, செருப்பு சோலா?” என்று கேட்டார். “மீன் பண்றேன்ணே, தூண்டில்ல கோர்க்கிற ரப்பர் மீன்” என்றதும் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. பையனைக் கூப்பிட்டு நிறுத்துப் போடச் சொன்னார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ‘பிவிசி ரெசின்’ என்று மட்டும் கேட்டால் பைப் செய்யும் சஸ்பென்ஷன் கிரேடைக் கொடுத்துவிடுவார்கள். அது கொஞ்சம் பெரிய, துளைகள் உள்ள குருணை. எண்ணெயில் போட்டால் மணல் மாதிரி அடியில் உட்கார்ந்துகொள்ளும், பிளாஸ்டிசால் ஆகாது. ‘பேஸ்ட் கிரேடு’ என்று சொல்லி வாங்க வேண்டும். விரலில் தேய்த்தால் முகப் பவுடர் போல வழுக்கும், குருணை தட்டுப்படாது.

எண்ணெய்க்கு டிஓடிபி வாங்கினேன். பழைய நாட்களில் எல்லோரும் டிஓபிதான் போட்டார்கள். ஆனால் டிஓபி, குழந்தைகள் பொம்மைகளில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் கட்டுப்படுத்தியிருக்கும் தாலேட் வகை. கையால் கலந்து, பக்கத்தில் நின்று காய்ச்சி, பிறகு தண்ணீரில் போடப்போகிற பொருளுக்கு நான் அதைத் தொடுவதில்லை. டிஓடிபி அந்தக் கட்டுப்பாட்டில் வரும் வகையில்லை, விலையில் பெரிய வித்தியாசமும் கிடையாது. மூன்றாவது, கால்சியம்-துத்தநாக வகைத் திரவ ஸ்டெபிலைசர். காய்ச்சும்போது பிவிசி மஞ்சளடித்துக் கருகாமல் காப்பது இதுதான். ஒரு பாட்டில் வாங்கினால் தீரவே தீராது.

கப்பும் தராசும்

பிளாஸ்டிக் தொழிலில் அளவை எப்போதும் ரெசினை 100 பங்காக வைத்துச் சொல்வார்கள். ரெசின் 100, எண்ணெய் 400, ஸ்டெபிலைசர் 3 என்றால் எல்லாம் எடைக் கணக்கு. லூர் ஊற்றுகிற பலர் கப்பால் அளந்து கலக்கிறார்கள். தயாராகக் கலந்த பிளாஸ்டிசாலுக்கு அது ஓரளவு சரி. தூளிலிருந்து ஆரம்பிக்கும்போது கப் ஒத்துவராது. ஏன் என்று பார்க்க 250 மில்லி கப் ஒன்றில் ரெசினைத் தளர்வாகக் கொட்டி நிறுத்தேன்: 85 கிராம். அதே கப்பை மேசையில் தட்டித் தட்டி நிரப்பினால் 115 கிராம். இரண்டுக்கும் 400 கிராம் எண்ணெய் சேர்த்தால் முதலாவதில் ரெசின் ஒன்றுக்கு எண்ணெய் 4.7, இரண்டாவதில் ஒன்றுக்கு 3.5. முதல் கலவையில் வால் தொளதொளவென்று தொங்கும். இரண்டாவதில் வால் விறைத்து நிற்கும், மெதுவாக இழுத்தால் ஆடவே ஆடாது. இரண்டுக்கும் குறிப்பேட்டில் ‘ஒரு கப்’ என்றுதான் எழுதியிருப்போம்.

எனவே இரண்டு தராசு. 5 கிலோ வரை போகும், 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு ஒன்று, ரெசினுக்கும் எண்ணெய்க்கும். 200 கிராம் வரை மட்டும் போகும், 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு ஒன்று, ஸ்டெபிலைசருக்கும் நிறத்துக்கும் ஜிகினாவுக்கும். பெரிய தராசில் ஒன்றரை கிராம் ஸ்டெபிலைசரை அளக்க முடியாது. அது 1 என்றும் காட்டும், 2 என்றும் காட்டும். சின்னத் தராசு மின்விசிறிக் காற்றுக்கே ஆடும், எனவே ஃபேனை நிறுத்திவிட்டு நிறுக்க வேண்டும்.

எண்ணெயைத் தனிப் பாத்திரத்தில் அளந்து ஊற்றினால் சுவரில் ஒட்டிக்கொண்டு சில கிராம் அங்கேயே நின்றுவிடும். கலக்கப்போகும் ஜாரையே தராசில் வைத்து, டேர் பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கிவிட்டு, அதிலேயே ஒவ்வொன்றாகச் சேர்ப்பது நல்லது. ஊற்றினது ஊற்றினபடி கணக்கில் நிற்கும்.

நான் ஒரு நடையில் கலப்பது அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல்: ரெசின் 100 கிராம், டிஓடிபி 400 கிராம், ஸ்டெபிலைசர் 3 கிராம். எண்ணெய் முழுவதையும் ஊற்றிவிட்டுத் தூளைக் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும், எவ்வளவு சுற்றினாலும் உடையாது. ராகிக் கூழுக்கு மாவு கரைப்பது போலத்தான் இதையும் செய்ய வேண்டும். முதலில் 100 கிராம் எண்ணெய், அதில் ஸ்டெபிலைசர், பிறகு சலித்த ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கெட்டியான பசையாகப் பிசைந்துகொள்ள வேண்டும். பசை கெட்டியாக இருக்கும்போதுதான் கட்டிகள் ஒன்றோடொன்று உரசி உடையும். பசை வழவழப்பானதும் மிச்சம் 300 கிராம் எண்ணெயை மூன்று நான்கு தவணையாக ஊற்றி இளக்கலாம். டிரில்லில் மாட்டிய சின்னத் துடுப்பை மெதுவான வேகத்தில் ஓட்டுகிறேன். வேகமாகச் சுற்றினால் காற்றுதான் உள்ளே போகும்.

பிறகு நைலான் வலைத் துணியில் வடிகட்டி, மூடி போட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுவேன். பெரிய குமிழ்கள் தானாக மேலே வந்துவிடும். அவசரமானால் வெற்றிடம் பிடிக்கலாம். ஏசி மெக்கானிக்குகள் கேஸ் ஏற்றுவதற்கு முன் பயன்படுத்தும் வாக்குவம் பம்ப், பழைய குக்கரின் அடிப்பாத்திரம், மேலே தடிமனான அக்ரிலிக் மூடி, நடுவில் சிலிக்கோன் கேஸ்கெட். பம்ப் ஓட ஓட பிளாஸ்டிசால் நுரைத்துப் பாத்திரத்தில் ஏறும், ஓர் இடத்தில் பொத்தென்று அடங்கும். அடங்கியபின் சில நிமிடம் ஓடவிட்டால் போதும். நுரை இரண்டு மூன்று மடங்கு உயரும் என்பதால் பாத்திரத்தில் கால்வாசிக்கு மேல் ஊற்றக் கூடாது. கலந்த பிளாஸ்டிசாலை மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். சென்னை வெயிலில் அறை வெப்பத்திலேயே தூள் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும், கலவை நாளுக்கு நாள் கெட்டியாகும்.

எந்த விகிதம்

அமெரிக்கக் குளிர் ஏரிகளை நினைத்துச் செய்த லூர்கள் நம் தண்ணீரில் ஏன் அவ்வளவு தொளதொளப்பாக இருக்கின்றன என்று முன்பு யோசித்ததுண்டு. காரணம் எளிது. மென்பிவிசி குளிரில் விறைக்கும், சூட்டில் இளகும். 10 டிகிரித் தண்ணீரில் வால் ஆடுவதற்காகக் கலந்த கலவை, நம் ஊரின் 30 டிகிரித் தண்ணீரில் ஊக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கும். வெயிலில் ஜிக் ஹெட்டோடு (ஈயத் தலை வைத்த ஊக்கு) காய்ந்துகொண்டிருக்கும்போது இன்னும் மோசம். அதனால் வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘இவ்வளவு சாஃப்ட்னர் சேர்’ என்று வரும் அளவை நம் ஊருக்கு அப்படியே எடுக்கக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

ஒன்றுக்கு 3, 4, 5 என்று மூன்று விகிதத்தில், ஒரே அச்சில், ஒரே நாளில் ஊற்றிப் பார்த்தேன். 10 சென்டிமீட்டர் நீளம், வட்டமான துடுப்பு வால், வாலுக்கு முன்னால் மூன்று மில்லிமீட்டர் தடிமனில் குறுகிய கழுத்து. ஒன்றுக்கு 5: வால் மிக மெதுவான இழுப்பிலேயே ஆடுகிறது, கண்ணுக்கு அவ்வளவு அழகு. ஆனால் விரலால் கழுத்தை முறுக்கினால் பிய்ந்துவிடுகிறது, ஊக்குத் துளை நான்கைந்து வீச்சில் பெரிதாகிவிடுகிறது. ஒன்றுக்கு 3: பேத்தை கடித்தாலும் பல் தடம் மட்டும்தான், ஆனால் வேகமாகச் சுழற்றினால்தான் வால் விழிக்கிறது. ஒன்றுக்கு 4 நடுவில் நிற்கிறது. கடைசியில் உடம்புக்கும் வாலுக்கும் தனித்தனிக் கலவை ஊற்றிப் பார்த்தேன். திறந்த அச்சில் வாலையும் கழுத்தையும் ஒன்றுக்கு 4இல் முதலில் ஊற்றி, அது இறுகுவதற்குள் உடம்பை ஒன்றுக்கு 3.5இல் ஊற்றினால் இரண்டும் ஒன்றாகவே பிடித்துக்கொள்கிறது. ஊக்கு பிடிக்கும் இடம் உறுதி, ஆட வேண்டிய இடம் இளக்கம். முட்டுக்காட்டுக்கு இப்போது இதுதான் என் கலவை.

விராலுக்குப் போவதாக இருந்தால் வேறு கணக்கு. ஏரியில் அல்லி இலைக்கும் கோரைக்கும் நடுவே போடும் லூர், ஊக்கு முனையை உடம்புக்குள் மறைத்துக்கொண்டிருக்க வேண்டும். விரால் கவ்வும்போது உடம்பு நசுங்கி முனை வெளியே வர வேண்டும். அங்கே ஒன்றுக்கு 4.5 வரை இளக்கலாம். பேத்தைத் தொல்லையும் இல்லை.

காய்ச்சுவது

சமையலறைப் பக்கமே வேண்டாம். மொட்டை மாடியில், காற்று போகிற இடத்தில், லூருக்கென்றே வாங்கிய பழைய மைக்ரோவேவ். அதில் பிறகு சாப்பாடு சுட வைக்கவே கூடாது. மூக்குக்கு, கரிம ஆவியையும் அமில வாயுவையும் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க். துணி மாஸ்க்கால் பிரயோஜனம் இல்லை. கண்ணாடி, தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை. 170 டிகிரியில் இருக்கும் பிளாஸ்டிக் தோலில் விழுந்தால் வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். கையை முக்க ஒரு வாளி தண்ணீர் அருகில் இருக்கட்டும், ஆனால் காய்ச்சும் பாத்திரத்துக்கும் அச்சுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வரக் கூடாது. சூடான பிளாஸ்டிக்கில் ஈரம் பட்டால் ஆவியாகி வெடித்துத் தெறிக்கும். ஈரம் சரியாகப் போகாத பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சும் இதே வேலையைச் செய்யும்.

சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக் கப்பில் 200 கிராம் பிளாஸ்டிசால். முதலில் ஒரு நிமிடம், எடுத்துக் கிளறல், பிறகு அரை நிமிடம் அரை நிமிடமாக. பாதி வழியில், 70, 80 டிகிரியைத் தாண்டும்போது திடீரென்று கெட்டியாகிக் கரண்டி நகராது. எல்லாம் போச்சு என்று தோன்றும் இடம் அதுதான். போகவில்லை, தூள் எண்ணெயைக் குடித்துக்கொண்டிருக்கிறது. கிளறிவிட்டுத் தொடர வேண்டும். 150 தாண்டியதும் மறுபடி இளகும். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடித் தெளிவு வரும். 170 முதல் 177 டிகிரிக்குள் கரண்டியிலிருந்து நூலாக வழியும்போது கலவை முழுதாகச் சேர்ந்துவிட்டது. இந்தச் சூட்டை ஒரு முறை தொடாத லூர், பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் இழுத்தால் பொலபொலவென்று உடையும். 190க்கு மேல் போக விடவே கூடாது. மஞ்சள் தட்டி, மூக்கைக் குத்தும் புகை வந்தால் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வருகிறது என்று அர்த்தம். அந்தக் கப்பை அப்படியே வைத்துவிட்டுக் காற்று வரும் திசைக்கு நகர்ந்துவிட வேண்டும்.

சூட்டை அளக்கத் துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் மானியை முதலில் வைத்திருந்தேன். அது மேல்தோலின் சூட்டைத்தான் காட்டும். மைக்ரோவேவில் நடுப்பகுதி மேல்பகுதியை விடச் சூடாக இருக்கும். 160 என்று மானி சொல்லும்போதே உள்ளே ஒரு இடம் மஞ்சளாகிக்கொண்டிருக்கலாம். கம்பி முனையுள்ள தெர்மோகப்பிள் மானிதான் நம்பத் தகுந்தது. கிளறிவிட்டு, நடுவில் முக்கிப் பார்த்தால் பொய் சொல்லாது.

நிறத்தையும் சொட்டுக் கணக்கில் விடக் கூடாது. ஒரு பாட்டிலின் சொட்டும் இன்னொன்றின் சொட்டும் ஒன்றில்லை. மென்மையாக்கி எண்ணெயிலேயே அரைத்த நிறப்பசை வேண்டும், தண்ணீர் கலந்த சாயம் எதுவும் ஆகாது. 100 கிராம் கலவைக்கு 0.3 கிராம் போட்டால் ஒளி ஊடுருவும் நிறம், 1 கிராமுக்கு மேல் போனால் முழு அடைப்பு. தெளிந்த தண்ணீரில் மடவைக் குஞ்சு மாதிரி இருக்க, லேசான சாம்பல் 0.2 கிராம், வெள்ளி ஜிகினா 0.8 கிராம். மழைக்குப் பிறகு கலங்கல் தண்ணீரில் கறுப்பு உடம்பும் நீல ஜிகினாவும் எடுபடுகிறது. ஜிகினா வெப்பம் தாங்கும் பாலியெஸ்டர் வகையாக இருக்க வேண்டும். கைவினைக் கடைகளில் கிடைக்கும் சில வகைகள் 170 டிகிரியில் நிறத்தை விட்டுவிட்டுச் சாம்பல் தகடாகச் சுருண்டுவிடும். புது ஜிகினா வாங்கினால் ஒரு சிட்டிகையை 20 கிராம் கலவையில் காய்ச்சிப் பார்த்துவிட்டுத்தான் பெரிய கப்பில் போடுகிறேன். சூடான கலவையின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டு ஆறவைத்துப் பார்க்க வேண்டும். லூரின் தடிமனுக்கே ஊற்றிப் பார்த்தால் இன்னும் நல்லது.

உப்பு

என்னை அதிகம் யோசிக்க வைத்தது உப்புதான். கேரி யமமோட்டோவின் சென்கோ என்கிற புழு வடிவ சாஃப்ட் லூர் உலகப் புகழ் பெற்றதே அதில் திணித்திருக்கும் உப்பால்தான் என்று சொல்லலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிவிசியின் அடர்த்தி சுமார் 1.4, டிஓடிபி 0.984. ஒன்றுக்கு 4 கலவையில் 500 கிராமுக்குக் கன அளவு சுமார் 478 மில்லி, அடர்த்தி 1.046 வருகிறது. நல்ல தண்ணீர் 1.00, கடல் நீர் 1.02க்குச் சற்று மேல். அதாவது உப்பில்லாத லூர் கடல் நீரில் கிட்டத்தட்ட எடையே இல்லாமல் நிற்கும். உப்பின் அடர்த்தி 2.16. 500 கிராமுக்கு 50 கிராம் உப்புச் சேர்த்தால் 1.098 ஆகிறது.

என் அச்சில் ஊற்றும் லூர் உப்பில்லாமல் 8 கிராம். அது கடல் நீருக்குள் வெறும் 0.2 கிராம் அளவுக்குத்தான் கனக்கும். உப்புப் போட்டால் 8.4 கிராம், தண்ணீருக்குள் 0.6 கிராம். ஏறக்குறைய மூன்று மடங்கு. ஊக்கு இன்னொரு 1 கிராம் சேர்க்கும்தான், ஆனால் ஊக்கின் கனம் தலைப்பக்கம் மட்டுமே. உப்பில்லாத லூர் தலைகுப்புற இறங்கும். உப்புள்ள லூரில் கனம் உடம்பு முழுக்கப் பரவியிருப்பதால் கிடைமட்டமாக, லேசாக ஆடிக்கொண்டே இறங்குகிறது. ஈயத் தலை கோர்க்கும்போது இந்த வித்தியாசம் ஒன்றும் தெரியாது. ஈயம் இல்லாமல், அலையாத்தி வேர்களின் ஓரத்தில் மெதுவாக இறங்க விடும்போதுதான் தெரியும். கொடுவா அடிப்பதும் பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான்.

கழிமுகத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு தண்ணீர் நீர்த்துப்போகும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் நன்றாகக் கரிக்கும். உப்பில்லாத அதே லூர் மழைக்காலத் தண்ணீரில், கோடைத் தண்ணீரில் கனப்பதைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் கனக்கும். எனவே ஒளி ஊடுருவும் ஒரு மீட்டர் அக்ரிலிக் குழாயின் ஒரு முனையை அடைத்து, மீன் பிடிக்கும் இடத்துத் தண்ணீரையே நிரப்பி, ஊக்கோடு லூரை விட்டு, அடிக்கு எத்தனை விநாடியில் போகிறது என்று பார்க்கிறேன். மழைக்காலக் கலவைக்கு 100 கிராமுக்கு 4 கிராம் உப்பு, கோடைக் கலவைக்கு 10 கிராம். அந்தந்தக் காலத்துத் தண்ணீரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இறங்குகின்றன.

உப்பைத் தயார் செய்வதிலும் கவனம் வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் வாங்கும் கல் உப்பு கையில் வைத்தாலே ஈரம் தெரியும். அதில் இருக்கும் மெக்னீசிய உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கலவையில் போட்டால் லூர் முழுக்கக் குமிழ். தூள் உப்பை இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்து, தனி மிக்சி ஜாரில் மாவாக அரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்து, சூடு ஆறுவதற்குள் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிட வேண்டும். நைசாக இருந்தால்தான் மெதுவாக அடியில் தங்கும். அப்படியும் தங்கத்தான் செய்யும், ஒவ்வொரு முறை ஊற்றுவதற்கு முன்னும் கப்பை அடியிலிருந்து கிளற வேண்டும். இல்லையென்றால் முதல் லூர் இறங்கத் தயங்கும், கடைசி லூர் கல்லாக இறங்கும். உப்பு சேர்ந்தால் லூர் வெளிறும், பிய்யவும் பிய்யும். 10 கிராம் உப்புக்கு நிறத்தை ஒன்றரை மடங்காக்குகிறேன், எண்ணெயைச் சற்றுக் குறைக்கிறேன்.

ஏரியில் மிதக்கும் லூர் வேண்டுமென்றால் உப்புக்குப் பதிலாகக் கண்ணாடி நுண்குமிழித் தூள். 0.15 அடர்த்தி உள்ள வகையில் 100 கிராமுக்கு 1 கிராமுக்குக் கொஞ்சம் மேல் போட்டாலே கலவை 0.98க்கு வந்துவிடும். ஆனால் ஊக்கைத் தூக்கவும் மிதப்பு வேண்டுமே, அதனால் 5 கிராம் வரை போகிறேன். காற்றில் பறக்கும் தூள் அது, மாஸ்க் இல்லாமல் டப்பாவைத் திறக்கக் கூடாது.

வாசனைக்குச் சென்னாக்கூனியை (காய்ந்த பொடி இறால்) அரைத்துக் கலவையிலேயே போட்டுப் பார்த்தேன். 170 டிகிரியில் அது கருகி, குமிழ் விட்டு, மாடி முழுக்கக் கருவாடு தீய்ந்த நாற்றம். அதைவிட, வறுத்த சென்னாக்கூனிப் பொடியைத் திரவப் பாரஃபினில் ஒரு வாரம் ஊறவைத்து வடிகட்டி, ஊற்றி முடித்த லூர்களுக்கு அந்த எண்ணெயைத் தடவுவது நன்றாக வேலை செய்கிறது. லூர்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருக்கும். 20 லூருக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

ஊற்றிய லூரை ஒரு நாள் மல்லாக்க, நேராகப் படுக்கவைத்தே வைக்க வேண்டும். வளைந்து ஆறினால் அந்த வளைவு போகாது, தண்ணீரில் சுழன்று நூலை முறுக்கும். பாலித்தீன் ஜிப் கவர்தான் பாதுகாப்பானது. சாதாரண கெட்டி பிளாஸ்டிக் டப்பாக்களை இந்த எண்ணெய் அரித்து உருக்கிவிடும். கறுப்பையும் வெள்ளையையும் ஒரே கவரில் போட்டால் வெள்ளை நிறம் கெட்டுவிடும். இழுத்தால் பல மடங்கு நீளும் சில கம்பெனி லூர்கள் பிவிசி இல்லை, வேறு வகை ரப்பர். அவற்றை இவற்றோடு வைத்தால் இரண்டும் சேர்ந்து கூழாகிவிடும், உருக்கும் கப்பிலும் அவை கலந்துவிடக் கூடாது.

பிய்ந்த லூர்களைத் தண்ணீரில் எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது மட்காது. மீன் விழுங்கினால் வயிற்றிலேயே கிடக்கும். ஜிக் ஹெட்டிலிருந்து கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ள ஒரு நொடிதான் ஆகும். வீட்டுக்கு வந்தால் அதுவே சரக்கு. நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, நிறம் வாரியாகப் பிரித்து, பொடியாக நறுக்கி மறுபடி உருக்கலாம். ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் எண்ணெய் கொஞ்சம் ஆவியாகிப் போவதால் 100 கிராமுக்கு 4 கிராம் டிஓடிபியும் அரை கிராம் ஸ்டெபிலைசரும் சேர்க்கிறேன். இரண்டாம் முறை உருக்கியது லேசாக மஞ்சள் அடிக்கும், எனவே அதை வெள்ளைக்கோ தெளிந்த நிறத்துக்கோ பயன்படுத்துவதில்லை. கறுப்பு, பழுப்பு, கரும்பச்சைக்குப் போகும். மூன்றாம் முறைக்கு மேல் உருக்கினால் வால் சீக்கிரம் பிய்கிறது. அந்தச் சரக்கை ஒன்றுக்கு 3.5 உடம்புக் கலவையில் கால்வாசி மட்டும் சேர்த்து, வாலுக்கு எப்போதும் புதுக் கலவையையே ஊற்றுகிறேன்.